மூடாத இலை

"இட்லி வேண்டாம் அம்மிணி. ராத்திரியே வயிறு நெறயத் தின்னுட்டேன்."

கோவிந்தாபுரத்தில் புறப்பட்ட காலை பஸ்ஸில், முன் சீட்டுக்காரர் மனைவியிடம் சொன்னார். வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு மெலிந்திருந்தார்.

"ராத்திரி கஞ்சித்தண்ணி தானுங்களே குடிச்சீங்க? வயித்துல பாதிய அறுத்தெடுத்ததுலயிருந்து நாலு வாய்க்கு மேல எறங்கறதில்லீங்களே?"

"கனவுல தின்னேன். பெரிய பந்தி. சோத்த மலையாட்டம் குவிச்சாங்க. அத்தனையும் எறங்குச்சு, வலியே இல்ல."

வெயில் ஏறாத வயல்களில் பனைகள் மெல்லப் பின்னால் போயின. அந்த அம்மாள் வெகுநேரம் அவற்றையே பார்த்திருந்தார்.

"ஏனுங்க, எலைய மூடுனீங்களா?"

அவர் கண்ணை மூடி யோசித்தார். "இல்லியே. அதுக்குள்ள முழிப்பு வந்துருச்சு."

அந்த அம்மாள் தூக்குப்போசியைத் திறந்து இட்லியில் ஒரு விள்ளல் பிய்த்தார்.

"அப்பப் பந்தி இன்னும் முடியலீங்க. வாயத் தெறங்க."