ஜெராக்ஸ் கடை வாசலில் ஓர் எச்சரிக்கை

“நாலு லட்சம். ஆயுசு பூரா நீ பொத்தான் வச்சுத் தைச்சாலும் நாலு லட்சம் வருமாடி?”

“மெதுவா பேசுங்க. பக்கத்துக் கடையில அண்ணன் இருக்காரு.”

“இருக்கட்டும். யார் பணம்னு தெரியாம வாங்கி, யாருக்குன்னு தெரியாம அனுப்பியிருக்கே. இப்ப பேங்க்காரன் கணக்கையே முடக்கிட்டான். பொண்ணு காலேஜுக்குக் கட்ட வேண்டியதும் அதுக்குள்ளதான் மாட்டிக்கிட்டு இருக்கு.”

“நல்லா விசாரிச்சுட்டுத்தான் செஞ்சேன்.”

“யார்கிட்ட விசாரிச்சே?”

“அண்ணன்கிட்டதான்.”

பக்கத்துத் தையல்கடையில் புருஷன் பெண்டாட்டி சண்டை. அந்த அண்ணன் நான். தையல்காரத் தங்கச்சியின் கடைக்கும் என் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான்.

இந்த ஆன்லைன் குழுவில் பெயர் போடாமல் எழுதலாம் என்பதால் எழுதுகிறேன். எனக்கு அலங்காரமாக எழுத வராது.

பணமோசடி பற்றி இங்கே பலரும் எழுதுகிறீர்கள். எனக்கும் அதில் அக்கறை உண்டு. போன வருடமே சொந்தச் செலவில் ஓர் எச்சரிக்கை அச்சடித்து, லேமினேட் செய்து, கடை வாசலில் ஒட்டினேன். ‘உங்கள் வங்கிக் கணக்கை யாருக்கும் இரவல் தராதீர்கள். கமிஷன் தருகிறேன் என்றால் ஒதுங்கிவிடுங்கள். சந்தேகம் இருந்தால் உள்ளே வந்து கேளுங்கள்.’

வந்து கேட்டார்கள். அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. எடுத்த எடுப்பில் தலையாட்டுகிறவர்கள் லாயக்கில்லை. பாதியில் பயந்து குழப்புவார்கள். விசாரிக்கிறவர்கள்தான் தங்கமானவர்கள். நம்பிக்கையான ஓர் ஆளிடம் ஒருமுறை கேட்டுவிட்டால், அதோடு கேட்பதை நிறுத்திவிடுவார்கள்.

என்னிடம் ஃபோனில் பேசுகிற ஒருவருக்கு, பணம் வந்து போக மற்றவர்களின் வங்கிக் கணக்குகள் தேவைப்பட்டன. அவரை நான் பார்த்ததில்லை. மரியாதையானவர். ஐம்பத்திரண்டு வயதில் என்னை ‘சார்’ என்று கூப்பிட்ட முதல் ஆள்.

தங்கச்சியிடம் விஷயத்தைச் சொன்னபோது வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

“அண்ணா, அதுல அப்படிப் போட்டிருக்கே, வம்பு ஒண்ணும் வராதே?”

“அதை ஒட்டினதே நான்தானேம்மா. வம்புன்னா உன்கிட்ட சொல்வேனா?”

சிரித்துவிட்டாள். பணம் வந்ததும் நான் சொல்கிற கணக்குக்கு அனுப்பிவிடு, நூற்றுக்கு இரண்டு உனக்கு என்றேன். பேங்க்கில் கேட்டால் மெஷின் வாங்க அண்ணன் கொடுத்தது என்று சொல், மெசேஜை அழித்துவிடு என்றும் சொல்லிக்கொடுத்தேன். எனக்கு எவ்வளவு என்று அவள் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லும் பழக்கம் எனக்கில்லை.

அந்த நாலு லட்சம், ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் இடுப்பு ஆபரேஷனுக்குச் சேர்த்து வைத்து ஏமாந்தது என்று பிறகுதான் தெரிந்தது. வருத்தமாக இருந்தது. அவர் தெருவிலும் என்னைப் போல் ஒருவர் இருந்திருந்தால், எச்சரிக்கையைப் படித்திருப்பார்.

சண்டை முடிந்த கால்மணி நேரத்தில் தங்கச்சியின் வீட்டுக்காரர் என் கடைக்குள் வந்தார். சட்டையைப் பிடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

“அண்ணே, போலீஸ்ல எழுதிக் கேக்கறாங்க. எங்களுக்கு அந்த மாதிரியெல்லாம் எழுத வராது. நீங்கதான் பாத்து எழுதித் தரணும்.”

அவளுடைய வாக்குமூலத்தை நானே எழுதினேன். ஒரே பக்கம், அடித்தல் திருத்தல் இல்லை. நடந்ததெல்லாம் அதில் இருக்கிறது. நான் மட்டும் இல்லை. அதிகாரிக்கு எதற்கு வீண் குழப்பம்? படித்துக் காட்டினேன்.

“அண்ணன் பேரை இழுக்காம எழுதினது நல்லதாப் போச்சு. நமக்கு உதவப் போய் அவருக்கு எதுக்கு அலைச்சல்?” என்று அவளே புருஷனிடம் சொன்னாள். கையெழுத்துப் போட்டாள். இரண்டு பிரதிக்கும் நான் காசு வாங்கவில்லை.

மறுநாள் அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். தடுப்புக்கு அந்தப் பக்கம் மெஷின் சத்தம் இல்லாமல் என் கடையே வெறிச்சோடிக் கிடக்கிறது. மனசு கேட்கவில்லை. அவளுக்கு வக்கீல் வைக்க நன்கொடை திரட்டலாம் என்றிருக்கிறேன். ஃபோனில் பேசுகிறவரும் பெரிய தொகை அனுப்புவதாகச் சொல்லிவிட்டார். என் கணக்கில் வாங்கினால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள்.

அதனால்தான் கேட்கிறேன். உங்களில் யாரிடமாவது அதிகம் பயன்படுத்தாத வங்கிக் கணக்கு இருக்கிறதா? இரண்டே நாள் போதும். நூற்றுக்கு இரண்டு உங்களுக்கு. அவசரப்பட வேண்டாம், நன்றாக விசாரித்துவிட்டே செய்யுங்கள். சந்தேகம் இருந்தால் என்னையே கேளுங்கள். கீழே பதில் போடுங்கள்.