முதலில் வலிப்பா, விழுந்ததா

கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்குக் கிளட்ச்தான் எமன். மற்றதெல்லாம் போகப்போக வந்துவிடும். அவசரப்பட்டுக் காலை எடுத்தால் வண்டி குலுங்கி நின்றுவிடும், பின்னால் வருகிறவன் ஹாரன் அடிப்பான், இவர்களுக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. அப்போது நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். "பரவாயில்ல, மறுபடி எடுக்கலாம்." என்னிடம் படித்த யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். நான் குரலை உயர்த்தி ஒருவரும் கேட்டதில்லை. சொல்லிக்கொடுக்கிற வண்டியில் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அது இருக்கும்போது கத்துவானேன்?

உங்கள் ஆட்கள் என்னைக் கோபக்காரி என்று எழுதியிருக்கிறார்களாம். அதை மட்டும் அடித்துவிடுங்கள். மற்றதை நானே சொல்கிறேன், நீங்கள் கேட்டுக் கஷ்டப்பட வேண்டாம்.

என் தம்பி ஏசி மெக்கானிக். அம்மா போனபோது அவன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். அப்பா அதற்கு முன்பே வேறொரு குடும்பத்தைப் பார்த்துக்கொண்டு போயிருந்தார். ஆக, வளர்த்தது நான். எனக்கு வந்த வரன்களை எல்லாம் அவனுக்காகத்தான் தட்டிக்கழித்தேன். அப்படியொன்றும் வாசலில் வரிசை நிற்கவில்லை, பொய் எதற்கு. அவனுக்கு வலிப்பு உண்டு. காலையும் இரவும் மாத்திரை. நான்தான் உள்ளங்கையில் வைத்துக் கொடுப்பேன். விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்ட வேண்டும், நாக்கைத் தூக்கியும் காட்ட வேண்டும். முப்பது வயது தாண்டியும் அப்படித்தான் நடந்தது. வலிப்புக்காரனிடம் ஸ்டியரிங்கைக் கொடுக்கக் கூடாது என்பதால், வேலைக்குக் கொண்டுபோய் விடுவதும் திரும்ப அழைத்துவருவதும் என் பொறுப்பு. தெருவில் எல்லோரும் சொல்வார்கள், "அக்கான்னா இப்படில்ல இருக்கணும்."

நான் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டதில் வலிப்பு வந்தே வருஷக்கணக்காகிவிட்டது. வினை அங்கேதான் ஆரம்பித்தது. உடம்பு தேறியதும் அவனுக்குத் துணிச்சல் வந்தது. மூக்குக்கண்ணாடிக் கடையொன்றில் ஏசி மாட்டப் போனவன், அங்கே வேலை பார்த்த பெண்ணோடு பழகி, ஒரு நாள் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். கண்ணாடிக்கடைக்காரி என்றுதான் நான் சொல்வேன். பார்க்கச் சாது. ஆனால் என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "மாத்திரைய அவரே எடுத்துப் போட்டுக்குவார்க்கா. அவரென்ன சின்னக் குழந்தையா?" என்று கேட்டாள். நான் சிரித்தேன். இன்னும் கொஞ்சம் சர்க்கரை வேண்டுமா என்று கேட்டேன். எனக்கு வயிறு எரிந்தது உண்மைதான். அதற்காக வீட்டுக்கு வந்தவளிடம் முகத்தைக் காட்ட முடியுமா?

அவளை அனுப்பிவிட்டு வந்து சமையலறை வாசலில் நின்றான். கல்யாணத்தைப் பதிவு செய்யப் போகிறார்களாம். வேறு வீடும் பார்த்துவிட்டார்களாம், சாவிகூடக் கைக்கு வந்துவிட்டதாம்.

"எத்தனை நாளைக்குக்கா உனக்குப் பாரமா இருக்கறது?" என்றான்.

பாரம் என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. அந்தச் சொல் யார் வாயிலிருந்து இவன் வாய்க்கு வந்தது என்று எனக்குத் தெரியாதா?

"இங்க வாடா, கொஞ்சம் பேசணும்," என்றேன்.

ஆம்புலன்ஸில் போகும்போது வலிப்பு நிற்கவே இல்லை. ஒன்று ஓய்வதற்குள் அடுத்தது வந்தது. ஊசிமேல் ஊசி போட்டும் அடங்காததால், தொண்டைக்குள் குழாய் இறக்கி, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். ஸ்கேனில் தலைக்குள் ரத்தக்கசிவு தெரிந்தது. பெரிய டாக்டர் ஓர் அம்மாள், அதிகம் பேசாதவர். அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது.

"முதல்ல வலிப்பு வந்து விழுந்தாரா, இல்ல விழுந்த பிறகு வலிப்பு வந்துச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா."

"வலிப்பு வந்துதான் விழுந்தான் டாக்டர். சிங்க் விளிம்புல தலை பட்டுடுச்சு. சின்ன வயசுலேர்ந்தே இருக்கு அவனுக்கு."

யோசிக்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. பக்கத்தில் நின்ற இளம் டாக்டர், "வீட்ல வச்சுப் பாத்துக்கறவங்க பாடு பெரும்பாடுங்க," என்றார். நல்ல பையன், மனுஷத்தன்மை உள்ளவன்.

நீங்கள் அந்த அறையைப் பார்த்திருப்பீர்கள். தம்பிக்குத் தலையில் ஒரு பக்கம் மழித்துத் தையல் போட்டிருந்தார்கள். மீதி இடமெல்லாம் வயர். மூளையின் அலைகள் திரையில் கோடு கோடாக ஓடிக்கொண்டே இருக்கும். வலிப்பு வந்தால் கைகால் என்ன செய்கிறது என்று பிறகு பார்ப்பதற்குக் கூரையிலிருந்து ஒரு சின்னக் கேமராவும் தொங்கியது. மயக்க மருந்து கொடுத்து மூளையைத் தூங்கவைத்திருக்கிறோம், கொஞ்சங்கொஞ்சமாகக் குறைத்துப் பார்ப்போம், வலிப்பு திரும்பி வந்தால் மறுபடி கூட்டிவிடுவோம் என்று இளம் டாக்டர் விளக்கினார். கிளட்சை விடுவது மாதிரி என்று சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

முதல் தடவை மருந்தைக் குறைத்தபோது பார்வையாளர் நேரம். குனிந்து அவன் காதருகே, "டேய், அக்கா வந்திருக்கேன்டா," என்றேன். அவனுடைய வலது கை மெல்ல எழுந்தது. முழங்கை மடங்கி முகத்தை மறைத்தது. தலை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது. இதயத்துடிப்பு காட்டும் பெட்டி கூவ ஆரம்பித்தது. நர்ஸ் ஓடிவந்து பார்த்து, "மறுபடி வலிப்பு," என்றாள். மருந்தைக் கூட்டினார்கள். அவன் அடங்கிப்போனான். அடுத்த முறையும் நான் பேசினேன், இதேதான் நடந்தது. மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது. தூங்குகிற பிள்ளை யாரிடமும் எதையும் உளறாது, எங்கேயும் போகவும் போகாது.

கண்ணாடிக்கடைக்காரி வேலை முடித்து மாலையில் வருவாள். அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டு ஏதாவது பேசிக்கொண்டிருப்பாள். மருந்தைக் குறைத்திருந்த நேரத்திலும் அவள் பேச்சுக்கு அவன் அசையவே மாட்டான். அவளை அவனுக்குத் தெரியவில்லை என்று நான் எடுத்துக்கொண்டேன்.

பிறகுதான் பெரிய டாக்டர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கம்ப்யூட்டரில் கேமராப் பதிவும் அலைகளும் அருகருகே ஓடின.

"இது வலிப்பே இல்லம்மா. கை மேல போற நேரத்துல மூளையில வலிப்பு அலை எதுவும் இல்ல. மொதல்லயே நாங்க கவனிச்சிருக்கணும்."

"அப்ப என்ன டாக்டர்?"

"நீங்க பேசறது அவருக்குக் கேக்குது."

இளம் டாக்டருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "நல்ல சேதிதாங்க. அக்கா குரலை அடையாளம் தெரியுதே." பெரியவர் சிரிக்கவில்லை. பதிவைத் திரும்ப ஓடவிட்டு, முகத்துக்கு மேலே முழங்கை வந்த இடத்தில் நிறுத்தினார்.

"அந்தப் பொண்ணு பேசறப்ப இந்தக் கை ஏன் மேல போகல?"

"அவ வேத்து ஆளுதானே டாக்டர்."

"சரி. மறுபடி கேக்கறேன். முதல்ல வலிப்பா, முதல்ல விழுந்தாரா?"

"சொன்னேனே."

"காலையிலயே மருந்தைக் குறைச்சாச்சு. நாளைக்குக் குழாயை எடுத்துடுவோம். அவரே சொல்லட்டும். நாங்க கூப்பிடற வரைக்கும் நீங்க உள்ள வர வேணாம்."

உங்களுக்கு வரிசை முக்கியம், இல்லையா? எழுதிக்கொள்ளுங்கள். முதலில் வலிப்பும் இல்லை, முதலில் விழவும் இல்லை. முதலில் நான் அவன் முடியைப் பிடித்தேன். அவன் என்னைவிட ஒரு தலை உயரம், எனக்கு எட்டாது. குனிந்து கொடுப்பான். பள்ளிக்கூட நாளிலிருந்தே அவனுக்கு அந்த நல்ல பழக்கம் உண்டு. அன்றைக்கும் குனிந்தான். சிங்க் விளிம்பில் வைத்து மோதினேன். முதல் சத்தத்திலேயே நிறுத்தியிருக்கலாம், ஆனால் பேச வேண்டியது இன்னும் பாக்கி இருந்தது. விழுந்தது அதற்குப் பிறகு. வலிப்பு அதற்கும் பிறகு.

சின்ன வயதிலிருந்தே வலிப்பு என்றேனே, அதிலும் வரிசை ஒன்று இருக்கிறது. வகுப்புக்குப் போகாமல் சினிமாவுக்குப் போய்விட்டு என்னிடம் பொய் சொன்னான். அந்தப் பேச்சு கதவுச் சட்டத்தருகே நடந்தது. அன்றைக்கு அவன் காதிலிருந்து ரத்தம் வந்தது, சில வாரம் கழித்து முதல் வலிப்பு வந்தது. அதற்கு முன் அவனுக்கு ஒரு காய்ச்சல்கூடச் சரியாக வந்ததில்லை. வலிப்பு வந்த நாள் முதல் ஒரு வேளை மாத்திரையைக்கூட நான் தவறவிட்டதில்லை. அதையும் சேர்த்து எழுதுங்கள்.

டாக்டர் அறையிலிருந்து நேரே அவன் படுக்கைக்குப் போனேன். கதவருகே இருந்த நர்ஸுக்கு இன்னும் தகவல் வரவில்லை போலும், "வாங்கக்கா," என்றாள். அவன் விழித்துக்கொண்டிருந்தான். குழாயைப் பிடுங்கிவிடக் கூடாது என்று மெத்தென்ற பட்டையால் இரண்டு கையையும் கட்டில் கம்பியில் கட்டியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் கண்ணோரத்தில் நீர் வழிந்தது. எத்தனை நாள் கழித்துப் பார்க்கிறான், பாசம் இருக்காதா?

"நாளைக்கு டாக்டர் கேப்பாங்கடா. என்ன சொல்லப் போற?"

வாய் நிறையக் குழாய், பதில் வராது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்காமல் கொள்ளாமல் கை நீட்டுவது என் வழக்கமில்லை. அவன் என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கதவைப் பார்த்தான். அது கண்ணாடிக்கடைக்காரி வருகிற நேரம்.

திரைச்சீலையை இழுத்துவிட்டேன். வகுப்புக்கு எடுத்துப் போகும் ஸ்டீல் தண்ணீர்ப் பாட்டில் பையில் இருந்தது, நிரம்பி இருந்தது. தையல் போட்ட பக்கமாகப் பார்த்து அடித்தேன். வயர்கள் பிய்ந்து வந்தன. எலும்பு உள்ளே இறங்கியது கையில் தெரிந்தது. பெட்டிகள்தான் கத்தின. அவன் கத்தவில்லை, நானும் கத்தவில்லை. நர்ஸும் வார்டு பையனும் வந்து என் கையைப் பிடிக்கிற வரை நான் அடித்துக்கொண்டிருந்தேன். பாட்டில் நசுங்கிவிட்டது, அதை உங்களிடம் கொடுத்திருப்பார்கள். அன்று இரவே அவன் போய்விட்டதாகச் சொன்னார்கள். ஆமாம், நான்தான் கொன்றேன். கையெழுத்து எங்கே வேண்டுமோ போடுகிறேன்.

ஒன்றை மட்டும் நீங்கள் அந்தக் கேமராப் பதிவில் கவனித்துப் பாருங்கள். கடைசியாக நான் கையை ஓங்கியபோது அவன் முகத்தை மறைத்துக்கொள்ளவே இல்லை. கை கட்டியிருந்தது என்கிறீர்கள். கட்டாமல் விட்டிருந்தாலும் தூக்கியிருக்க மாட்டான். அக்காமேல் இருந்த பயம் அவனுக்கு அன்றைக்குத்தான் முழுசாகப் போயிருந்தது.