காணாமற்போன விமானத்திலிருந்து பேசியது நான்தான்

வாக்குமூலம் கொடுப்பவர்: அடையாள அட்டையில் கண்ட பெயருடைய, ஊராரால் ‘அளப்பு மாமா’ என்று அழைக்கப்படுபவர். வயது: ஐம்பத்தெட்டு. தொழில்: ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் பழுது பார்க்கும் கடை. இருப்பிடம்: அதே கடையின் மாடி, பின்னறை.

நான் மேற்படி விலாசத்தில் என் தங்கை மகளோடும் அவள் கணவரோடும் ஒரே குடும்பமாக வசிக்கிறேன். கடையை நானும் மாப்பிள்ளையும் சேர்ந்து நடத்துகிறோம். பக்கத்துக் கடையில் எலி செத்தால் யானை செத்ததாக நான் சொல்வேன் என்பது ஊரார் புகார். அது அவதூறு. நான் யானையோடு நின்றதே கிடையாது, திமிங்கிலம் வரைக்கும் போவேன். என்னை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை, குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். நான் சொல்லும் வசவுகளை மட்டும் விட்டுவிட்டு எழுதுவதாக எழுத்தர் சொன்னார். அப்படி விட்டால் வாக்குமூலம் பாதியாகச் சுருங்கிவிடும் என்று எச்சரித்தும் அவர் கேட்கவில்லை.

மாப்பிள்ளை புது மாடல் கம்ப்ரஸர் பற்றிய பயிற்சிக்காக விமானம் ஏறினார். வெளியூர் போகும்போதெல்லாம் தன் செல்போனுக்கு வரும் அழைப்புகள் கடையின் பட்டன் போனுக்கு வந்து சேரும்படி திருப்பிவிட்டுப் போவது அவர் வழக்கம். எடுக்க ஆளில்லை என்றால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார் அல்லவா? இந்த ஏற்பாடு எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். விமானம் ஏறியது. இறங்கவில்லை. எங்கே போனது என்று இதுவரை ஒருவருக்கும் தெரியாது.

அதன் பிறகு, தெரியாத விஷயத்தை எங்கள் தெருவே தெரிந்து வைத்திருந்தது. முடிவெட்டுகிறவர் பாதி மீசையை நிறுத்தி வைத்துவிட்டு, விமானத்தை நீர்மூழ்கிக் கப்பல் விழுங்கியதாக விளக்கினார். மருந்துக் கடைக்காரர் விமானம் முழுக்கத் தங்கம் இருந்தது என்றார். எதிர்வீட்டு அம்மாள் என் காதுபடவே, “யாரு கண்டா, அந்த மாப்பிள்ளையே வேற எவளோடயாவது செட்டிலாகியிருப்பான்” என்றார். பெண்டாட்டியை விட்டு ஓடுவதற்கு இத்தனை பேரையும் விமானத்தையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போகிற மனிதனை நான் கேள்விப்பட்டதில்லை. நானே அப்படி அளந்ததில்லை. தொலைக்காட்சியில் கோட்டு போட்ட நிபுணர் ஒருவர் பொம்மை விமானத்தை மேசைமேல் சாய்த்துச் சாய்த்துக் காட்டினார். அது ஒவ்வொரு முறை சாயும்போதும் என் தங்கை மகள் சோபாவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் தினமும் கணவரின் எண்ணுக்கு அழைத்தாள். கடையில் பட்டன் போன் அடித்தது. திரையில் ‘பாப்பா’ என்று அவள் பெயர். எடுத்தால் என்ன சொல்வேன்? போனைப் பழைய போர்வையில் சுற்றி, ரிப்பேருக்கு வந்த வாஷிங் மெஷினுக்குள் போட்டு மூடியை அழுத்தினேன். அதன் பிறகு சாப்பாட்டுக்கு மாடி ஏறினால் அவள், “மாமா, ரிங் போகுது மாமா! தண்ணிக்குள்ள இருந்தா ரிங் போகுமா? எங்கேயோ தரையிலதான் இருக்காங்க” என்றாள். அத்தனை நாளில் அன்றைக்குத்தான் சோறு போட்டுச் சாப்பிட்டாள். அண்டசராசரத்தையும் அளந்த இந்த வாய் அப்போது திறக்கவில்லை. அவள் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று இருந்தேன். பிறகு அடுத்த வேளையும் சாப்பிடட்டும் என்று இருந்தேன்.

அதன் பிறகு ஒரு செய்தித் தொலைக்காட்சியின் பெண் நிருபர் வீட்டுக்கு வந்து, அவள் கையைப் பிடித்து, “அக்கா, எங்களை உங்க வீட்டு ஆளா நெனச்சுக்கங்க” என்று சொல்ல, இவள் ரிங் போகும் விஷயத்தைச் சொன்னாள். சாயங்காலச் செய்தியில் மாப்பிள்ளையின் எண் முழுசாக, சிவப்பு எழுத்தில், வட்டம் போட்டுக் காட்டப்பட்டது. அதன் பிறகு உலகத்தில் விரல் உள்ள அத்தனை பேரும் அந்த எண்ணை அழுத்தினார்கள். வாஷிங் மெஷின் மின்சாரம் இல்லாமலே குலுங்கியது. வேறு வழியின்றி போனை வெளியே எடுத்து, ஒவ்வொருவரிடமும், “ஐயா, இது ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடை, மாப்பிள்ளை போனைத் திருப்பிவிட்டுப் போயிருக்கார்” என்று மரியாதையாகவே சொன்னேன். ஒருவன், “யோவ் பெருசு, ப்ளேன எங்கய்யா ஒளிச்சு வெச்சிருக்க?” என்றான். இன்னொருவன் குரலைத் தாழ்த்தி, “பக்கத்துல துப்பாக்கி வெச்சிருக்காங்களா? ஆமான்னா ஒரு தடவை இருமுங்க” என்றான். போர்வைத் தூசியில் எனக்கு இருமல் வந்துவிட்டது.

அவன் பதிவு செய்த அந்த இருமல் மட்டும், ‘ஃப்ரிட்ஜ்’ என்று நான் சொன்ன சேதியோடு, அன்றே தொலைக்காட்சியில் ஏறியது. நிபுணர் அதைப் பலமுறை போடச் சொல்லிக் கேட்டுவிட்டு, ‘ஃப்ரிட்ஜ்’ என்பது சங்கேதம் என்றும், பயணிகள் கடுங்குளிர்ப் பிரதேசத்தில் வைக்கப்பட்டிருப்பதை அந்தத் தைரியசாலி குறிப்பால் உணர்த்துகிறார் என்றும் விளக்கினார். நான் உண்மையை, என் வாழ்க்கையிலேயே கலப்படமில்லாமல் சொன்ன ஒரே உண்மையை, அந்தக் கோட்டுக்காரர் துருவப் பனியில் கொண்டுபோய் நட்டார். என் தங்கை மகள் அலமாரியைத் திறந்து மாப்பிள்ளையின் ஸ்வெட்டரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்துவிட்டுக் கடைக்கு இறங்கினேன். என் ரத்தம் கொதித்த கொதிப்பில் கடையிலிருந்த எல்லா ஃப்ரிட்ஜும் உருகியிருக்க வேண்டும்.

அதன் பிறகு போன் அடித்தது. செய்தி வாசிக்கும் பெண். நேரலை என்று எனக்குச் சொல்லப்படவில்லை. “சார், தைரியமா சொல்லுங்க, நீங்க விமானத்துலேருந்துதானே பேசறீங்க?” என்றார். நான் சொன்னதை மாற்றாமல் எழுதிக்கொள்ளவும்:

“ஆமாம்மா, விமானத்துலேருந்துதான் பேசறேன். எல்லாரும் உயிரோட சௌக்கியமா இருக்கோம். பைலட்டு பென்குயினுக்கெல்லாம் டிரைவிங் சொல்லித் தர்றாரு. நான்தான் இங்க மகாராஜா. உங்க நிபுணரோட தலை காலியாத்தானே இருக்கு, அதைக் கொஞ்சம் அனுப்பி வைங்க, மீன் போட்டு வைக்க டப்பா இல்ல!”

இரண்டாவது வாக்கியத்தோடு வெட்டிவிட்டார்கள். பென்குயினும் மகாராஜாவும் டப்பாவும் யார் காதிலும் விழவில்லை. ‘எல்லாரும் உயிரோட சௌக்கியமா இருக்கோம்’ என்பது மட்டும் திரும்பத் திரும்ப ஒலித்தது. பயணிகளின் குடும்பத்தார் மாற்றுத்துணி எடுத்துக்கொண்டு விமான நிலையத்துக்கு ஓடியதாகச் செய்தி வந்தது.

என் தங்கை மகள் ஓடவில்லை. படியிறங்கிக் கடைக்கு வந்தாள். என் குரலை அவள் பிறந்த நாள் முதல் கேட்டு வருகிறாள். “இத்தனை நாள் இங்கேயா அடிச்சுது மாமா?” என்றாள். நான் போனை நீட்டினேன். எடுக்கப்படாத அழைப்புகளில், தெரியாத எண்களைத் தாண்டியதும், ‘பாப்பா’, ‘பாப்பா’, ‘பாப்பா’ என்று அவள் பெயரே கீழே வரை போனது. அவள் அதைக் கடைசி வரை தள்ளிப் பார்த்தாள். நான், “நீ சாப்பிடணும்னுதாம்மா...” என்று ஆரம்பித்தேன். “செருப்பப் போடுங்க. அங்க வந்து சொல்லுங்க” என்றாள்.

அதன் பிறகு இருவரும் விமான நிலையக் கூடத்துக்குப் போனோம். அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலிமேல் ஏறி நின்று, “டிவியில பேசினது நான்தான். கடையிலேருந்து பேசினேன். கோவத்துல பொய் சொன்னேன். விமானத்தப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாது” என்றேன். சேர்த்துச் சொல்ல ஒரு சொல்லும் வரவில்லை. ஒரு பெரியவர் மகனின் துணிப் பையால் என்னை முகத்திலேயே அடித்தார். அவர் மேல் எனக்குப் புகார் இல்லை. பையில் சட்டைகள்தான் இருந்தன. அதன் பிறகு ஒரு அம்மாள் கூட்டத்தை விலக்கி வந்து என் கையைப் பிடித்து, “அது சரிங்க அண்ணா, எம் பொண்ணு சாப்பிட்டாளா, அத மட்டும் சொல்லுங்க” என்றார். நான் சொன்னது அத்தனையும் கேட்ட பிறகுதான் அப்படிக் கேட்டார். என் மேல் எந்தப் பிரிவில் வேண்டுமானாலும் வழக்குப் போடுங்கள். அந்த அம்மாள் அப்படிக் கேட்க வேண்டி வந்ததற்கு நான் பொறுப்பு. ஆனால் என் பேச்சை வெட்டியவனும், எண்ணுக்கு வட்டம் போட்டவனும், பொம்மையைச் சாய்த்தவனும் இதே பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார வேண்டும். இந்தக் காவல் நிலையத்து வாசலில்கூட ஒரு காவலர், “சும்மா சொல்லுங்க பெரியவரே, நெஜமா எங்கதான் இருக்கு?” என்றார். இதை எழுத மாட்டேன் என்றார் எழுத்தர். ஆய்வாளர் எழுதச் சொன்னார்.

திரும்பி வரும்போது பேருந்தில் என் தங்கை மகள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். “ஒண்ணு கேக்கறேன், அளக்காம சொல்லுங்க மாமா. அவர் வருவாரா?” என்றாள். என் நாக்கில் ஒரு தீவு, ஒரு மீன்பிடிப் படகு, தாடியோடு படியேறி வரும் மாப்பிள்ளை எல்லாம் தயாராக வந்து நின்றன.

“தெரியலம்மா” என்றேன்.

“யாருக்குமே தெரியலையா?”

“யாருக்குமே தெரியலம்மா.”

அதன் பிறகு அவள் தன் போனை எடுத்து, அவர் எண்ணை அழுத்தப் போய், அழுத்தாமல், பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். காவல் நிலைய நிறுத்தத்தில் அவளே முதலில் இறங்கினாள்.

மேலே எழுதியதில் நான் கூட்டிச் சொன்னதும் இல்லை, குறைத்துச் சொன்னதும் இல்லை. என்னை அறிந்தவர் எவரும் இதை நம்பமாட்டார்கள் என்பதால், என் தங்கை மகள் பக்கத்தில் உட்கார்ந்து முழுவதையும் படிக்கக் கேட்டு, “சரிதான்” என்று சொன்ன பிறகே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)