இருபத்துநாலு வயசுல பிரதமரு

இல்லீங்க, இந்தப் பிட்டு கதைய எனக்கு மொதமொதல்ல சொன்னது எங்க கிருபாசங்கரேதானுங்க. மூணு வருசமாச்சு, ஆடிப் பதினெட்டன்னைக்கு. அடுப்புல கச்சாயம் வெந்துட்டு இருக்குது. கண்ணு, உனக்கு வயசு முப்பத்தொண்ணாச்சே, எப்பத்தான் கண்ணாலம் பண்ணிக்கப் போறேன்னு கேட்டேன். அம்மா, வில்லியம் பிட்டு இருபத்துநாலு வயசுலயே இங்கிலாந்துக்குப் பிரதமரு, அவரு கடைசி வரைக்கும் கண்ணாலமே பண்ணிக்கலேன்னு சொல்லிப்போட்டு, நாலு கச்சாயத்தை எடுத்துக்கிட்டு மாடிக்குப் போயிட்டான்.

ஐயோ, எதுக்குங்க இத்தனை முறுக்கு? காப்பி போதுமுங்க. காலையில மொத பஸ்ஸுலயே ஏறி வந்துட்டேன். ஆமாங்க, தனியாத்தான் வந்தேன். எங்க ஊட்டுக்காரருக்குக்கூடச் சொல்லலீங்க. புதன்கெளமை நிச்சயத்தை வெச்சுக்கிட்டு, ஞாயித்துக்கெளமை மாப்பிள்ளையோட அம்மா மட்டும் சிங்காநல்லூர்ல இருந்து கோபிக்கு வந்து நின்னா யாருக்குமே பக்குன்னுதான் இருக்கும். சம்மந்தியம்மான்னு கூப்படத்தான் வாய் வருது. இந்தக் கதைய முடிச்சுப்போட்டுக் கூப்படறேன், சரிங்களா?

நீங்க கேட்டீங்களே, அந்த ஆளு யாரு, உங்களுக்குச் சொந்தமா, ஒறம்பரையான்னு. இல்லீங்க. எங்க பையன் காந்திபுரத்துல பரீட்சைக்குப் படிக்கறவங்களுக்குச் சரித்திரம் சொல்லிக் குடுக்கறானுங்களே, அதுல பிட்டு இந்தியச் சட்டம்னு ஒரு பாடம் வருதுங்க. அதுல புடிச்ச பைத்தியம்.

ஆனாக் குடும்பம்னு பாத்தா நல்ல குடும்பந்தானுங்க, கொறை சொல்ல முடியாது. அப்பனும் வில்லியம் பிட்டு, மகனும் வில்லியம் பிட்டு. பெரியவரு, சின்னவருன்னு வெச்சுக்குங்களேன். ரெண்டு பேருமே பிரதமரு. சின்னவரோட தாய்மாமனும் பிரதமரு. சின்னவரு போனதுக்கப்பறம் அந்த மாமன் மகனே பிரதமரு! நம்ம பக்கத்துலதான் மாமன் மச்சான்னு எல்லாத்தையும் ஊட்டுக்குள்ளயே வெச்சுக்குவாங்கன்னு பாத்தா, அங்கயும் அப்படித்தான். பெரியவரோட தாத்தா நம்ம மெட்ராசுல கவர்னரா இருந்தவருங்க. இங்கிருந்து வாங்குன வைரத்தைப் பிரான்சு ராசா ஊட்டுக்கு வித்துத்தான் குடும்பமே தலையெடுத்துச்சாம். எங்க பொண்ணு மோகனப்பிரியா அமெரிக்காவுல குடியிருக்கற பிட்ஸ்பர்க் ஊருக்கே பெரியவரு பேருதானுங்க வெச்சிருக்கறாங்க. அங்க வெங்கடாசலபதி கோயிலுகூட இருக்குது. நான் போயிக் கும்புட்டேன். பெருமாளே வந்து உக்காந்திருக்கற ஊருன்னா, பேருக்குச் சொந்தக்காரரு கொஞ்சமாவது புண்ணியம் பண்ணியிருக்கோணுமில்லீங்க?

கெட்ட பழக்கமா? அது ஒண்ணு இருக்குதுங்க. சின்னவருக்கு ஒடம்பு நோஞ்சானு. தினமும் ஒயின் குடின்னு வைத்தியரே சொல்லீட்டாராம். அவரும் ஒரு நாளு உடாமக் குடிச்சிருக்கறாரு. எங்க பையன் அப்படியில்லீங்க, டீயைக்கூடப் பாதி வெச்சுப்போடுவான்.

பையன் சின்னவரு படத்தைக் கொண்டாந்து ஹால்ல வேற மாட்டீட்டான். வெள்ளைக் கழுத்துத்துணி கட்டிக்கிட்டு, நீட்டு மூக்கோட. எங்க ஊட்டுக்காரரு நஞ்சுண்டன் மோட்டார் பட்டறை வெச்சிருக்கறவரு, யாருடா இதுன்னாரு. அந்த ஊர்ல இன்கம் டாக்ஸை மொதல்ல கொண்டாந்தவருங்கப்பான்னான். அவ்வளவுதான், மூணு நாளு அப்பனும் மகனும் பேசிக்கலீங்க. வரி போட்டவன் மொகத்துல முளிச்சுட்டுப் பட்டறைக்குப் போகோணுமான்னு சத்தம். சுப்பாத்தா சித்தி ஒரு நாளு வந்தவங்க, குரு பூசைக்கு வெச்ச சாமியாராட்டம் இருக்குதுன்னு படத்துக்குத் துண்ணூறு வெச்சுட்டே போயிட்டாங்க.

எனக்கு அந்தச் சின்னவரோட அம்மாவை நெனச்சாத்தானுங்க மனசு கேக்கறதில்ல. எஸ்தருன்னு பேரு. பெரியவரு சபையில பேசீட்டு இருக்கறப்பவே மயங்கி உளுந்துட்டாரு. மகன்தான் கூடப் புடிச்சுத் தூக்கிக் கொண்டாந்தானாம். ஒரு மாசத்துல அவரும் போயிட்டாரு. அப்பறம் அந்தம்மா இருவத்தஞ்சு வருசம் உசுரோட இருந்திருக்குது. பையன் நாட்டையே ஆளறான், ஊட்டுல ஒரு மருமக இல்ல. அந்தம்மா யாருகிட்டப் போயிச் சொல்லியிருக்கும்? பரிகாரம் பண்ணறதுக்கு அங்க என்ன இருக்குது?

அதனாலதானுங்க நான் ஒரு காரியம் பண்ணிப்போட்டேன். சிரிக்கக் கூடாது. எங்க வீதியில ஜோசியர் சென்னகேசவன் இருக்கறாரு, அவருகிட்டப் போனேன். பொறந்த நாளு மே இருவத்தெட்டு, ஊரு இங்கிலாந்து, சாதகம் கணிச்சுக் குடுங்கன்னேன். பையனுக்கு என்ன வயசுங்கன்னாரு. எரநூத்தி அறுவத்தாறு நடக்குதுங்கன்னேன். மூக்குக்கண்ணாடியக் களட்டித் தொடச்சு மறுக்காப் போட்டுக்கிட்டாரு பாவம். அந்தாளுக்கு என்ன தோசம்னு தெரிஞ்சா, அதே தோசம் எங்க பையனையும் புடிச்சிருக்குதான்னு பாத்துப்போடலாமுங்கன்னேன். அப்பறந்தான் பஞ்சாங்கத்தையே தொட்டாரு. வருசத்தை மட்டும் எழுதாதீங்க, ஊட்டுல திட்டுவாங்கன்னேன். பேரும் எழுதல. கட்டமும் ராசியும் மட்டுந்தான்.

கொண்டாந்து முருகன் படத்துக்கு முன்னால, எங்க பையன் சாதகத்தோடயே வெச்சேன். ரெண்டுக்கும் நாலு மூலையிலயும் மஞ்சத் தடவுனேன். ஒருத்தருக்கு வெச்சு ஒருத்தருக்கு வெக்காம உட்டா நல்லாவா இருக்கும்? தெனமும் ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் வேண்டிக்குவேன்.

உங்க லோகப்பிரியாவப் பாக்க வந்தோமே, அன்னைக்கு அவ இவன்கிட்டக் கேட்டாளாம், உங்க பிட்டுக்கு ஒரு பொண்ணையுமா புடிக்கலேன்னு. ஊட்டுக்கு வந்தவன், ஸ்டூலைப் போட்டு ஏறி, படத்தை அவனே களட்டி அலமாரியில வெச்சுப்போட்டான். நான் சாமி ரூமுக்குப் போயி நல்லா அளுதேன். மூணு வருசத்து வேண்டுதலுங்க.

அப்பறம், நாங்க குடுத்த சாதகத்தைப் பாத்துட்டு உங்க ஊட்டுக்காரரு போன் பண்ணுனாரு. ஒம்போது பொருத்தமுங்க, ராசயோகமுங்க, சின்ன வயசுலயே ஆட்சி, கண்ணாலத்துக்குத் தடையே இல்லேன்னு எங்க ஜோசியர் சொல்லறாருன்னு ஒரே சந்தோசம். நானும் சரிங்க சரிங்கன்னுட்டே இருந்தேன். கடைசில, மிதுன ராசிக்காரங்க பேச்சுல கெட்டிக்காரங்கன்னு ஒரு வார்த்தை சொன்னாரு பாருங்க, எனக்குக் கையில இருந்த போனே நழுவிப் போச்சு.

சொல்லறதா வேண்டாமான்னு நேத்துச் சென்னிமலைக்குப் போயி, முருகன் முன்னால பூப்பொட்டலம் போட்டு உத்தரவு கேட்டேன். சொல்லறதுக்கு வெள்ளை, சொல்லாம இருக்கறதுக்குச் செகப்பு. செகப்பு வந்துச்சு. முருகனுக்குச் சரியாக் கேக்கலையாட்டம் இருக்குதுன்னு மறுக்காப் போட்டேன். அப்பவும் செகப்பு. மூணாவதுக்குத்தான் வெள்ளை வந்துச்சு. டக்குன்னு எடுத்து முந்தானையில முடிஞ்சுக்கிட்டு எறங்கீட்டேன்.

எங்க கிருபாசங்கரு மகர ராசிங்க.

உங்க ஊட்டுக்காரரு சாதகம் கேட்டப்ப, கண்ணாடி போடாம முருகன் படத்துக்கு முன்னால இருந்து எடுத்துக் குடுத்துப்போட்டேன். உங்க ஊட்டு பீரோவுல இருக்கறது அந்தப் பிரதமரோட சாதகமுங்க. உங்க பொண்ணுக்கு ஒம்போது பொருத்தம் வந்தது அவருக்குத்தான்.

ஏனுங்க, கொஞ்சம் தண்ணி குடிங்க. சிரிக்கறீங்களா அளுகறீங்களான்னே தெரியலியே.

இந்தாங்க, இது எம்பட பையனோடது. மஞ்சப் புதுசாத் தடவியிருக்கறேன். ராசயோகமெல்லாம் இதுல இல்லீங்க, நல்ல பையன், அவ்வளவுதான். உங்க ஜோசியருகிட்ட இதைய ஒருக்காக் காட்டிப் பாருங்க. அதைய மட்டும் என்கிட்டக் குடுத்துருங்க.