முனிரத்தினத்தின் பகல் உறக்கம்

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் பேராசிரியர் லோகநாயகி அம்மையார் அவர்களே, கட்டற்ற மென்பொருளைக் கட்டிக் காத்துவரும் இளைஞர்களே, ஞாயிற்றுக்கிழமை ஓய்வை உதறிவிட்டுத் தாம்பரம் வந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்திருக்கும் என் ஓட்டுநர் தோழர்களே, ஓட்டுநர் சங்கச் செயலாளர் தட்சிணாமூர்த்தியின் வணக்கம் உங்கள் ஒவ்வொருவருக்கும் உரியது.

வாழ்த்திப் பேச அழைத்தீர்கள். வயிற்றெரிச்சலோடு வந்திருக்கிறேன்.

படப்பை முனிரத்தினம், ஒரகடத் தொழிற்சாலைகளுக்கு இரவுப் பணியாளர்களை ஏற்றிச் செல்லும் பேருந்தின் ஓட்டுநர். பதினோரு ஆண்டுகளில் வண்டியில் ஒரு கீறல் இல்லை, அவர்மீது ஒரு புகார் இல்லை. சென்ற ஆடியில் அவருடைய நிறுவனம் ஓட்டுநர்கள் கையில் ஒரு பட்டையை மாட்டியது. கை அசைவைப் பார்த்து உறக்கத்தை அளக்குமாம். மூன்றாம் வாரமே அவரை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். நாளுக்கு இரண்டு மணி நேரமே உறங்குகிறார், ஓட்டத் தகுதியற்றவர் என்றது பட்டையின் செயலி.

மேலாளர் முன்னால் போய் நின்றார் முனிரத்தினம். “சார், காலைல ஏழு மணிக்குப் படுத்தா ரெண்டு மணிக்குத்தான் எந்திரிக்கிறேன். வூட்ல கேட்டுப் பாருங்க. இது இன்னா சார், ரெண்டு மணி நேரம்னு சொல்லுது?”

“சிஸ்டம் அப்படித்தான் காட்டுது. நான் என்ன பண்றது?”

என்ன கணக்கு என்று செயலி நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டோம். வணிக ரகசியம் என்று பதில் வந்தது. உடம்பு அவருடையது, உழைப்பு அவருடையது, உறக்கம் அவருடையது. அதை அளந்த கணக்கு மட்டும் எவருடைய ரகசியம்? அங்கே ஓர் அம்மா தலையில் அடித்துக்கொள்கிறார். நானும் அடித்துக்கொண்டேன் தாயே, ஒன்றரை மாதம்.

முனிரத்தினத்தின் தெருவில்தான் கோகிலவாணி குடியிருக்கிறார். காட்டாங்குளத்தூரில் ஆய்வக உதவியாளர். “அண்ணா, பட்டைல இருக்கிற டேட்டாவ மட்டும் இறக்கிக் குடுங்க” என்றார். அதை உறக்கத்தைக் கணக்கிடும் கட்டற்ற மென்பொருள் ஒன்றில் போட்டார். அதுவும் இரண்டு மணி நேரம் என்றது. முனிரத்தினம் உட்கார்ந்துவிட்டார். “அப்போ நான்தான் பொய் சொல்லிகினு கீறனாம்மா?”

ஆனால் இதன் கணக்கை எவரும் திறந்து படிக்கலாமே, திருத்தலாமே. வரி வரியாகப் படித்தார் கோகிலவாணி. பகலில் கை நெடுநேரம் அசையாவிட்டால், பட்டையைக் கழற்றி வைத்துவிட்டதாகக் கொண்டு, அந்த நேரத்தை உறக்கத்தில் சேர்க்காத ஒரு விதி அங்கே இருந்தது.

“அண்ணா, நீங்க அசையாம தூங்குறதுதான் தப்பாப் போச்சு.”

கேட்டீர்களா இந்தக் கொடுமையை? புரண்டு படுத்திருந்தால் பிழைத்திருப்பார். பட்டை பதிந்துவைத்திருந்த உடல் வெப்பத்தையும் சேர்த்துப் பார்க்கும்படி விதியைத் திருத்தினார் கோகிலவாணி. ஆறு மணி நேரம் ஐம்பது நிமிடம் என்று வந்தது. முகமறியாத நால்வர் எங்கெங்கோ இருந்து அந்தத் திருத்தத்தைச் சோதித்து ஏற்றார்கள். அதையெல்லாம் அச்செடுத்து மேலாளர் மேசையில் வைத்தோம். திங்களன்று முனிரத்தினம் வண்டி ஏறினார்.

மன்னிப்பா? யாரும் கேட்கவில்லை. இதே பட்டையால் இறக்கிவிடப்பட்ட மற்ற மூன்று ஓட்டுநர்களும் தங்கள் உறக்கத்தைத் தனித்தனியாக நிரூபிக்க வேண்டுமாம். பிழை செய்யாத மென்பொருள் வேண்டும் என்றா கேட்கிறேன்? பிழையைப் பார்க்க விடுங்கள், திருத்த விடுங்கள் என்றுதானே கேட்கிறேன்?

அந்த மூவரும் இதோ முன்வரிசையில் பட்டையோடு அமர்ந்திருக்கிறார்கள். கணினி தெரிந்தவர்கள் எழுந்து போய்விடாதீர்கள். அவர்கள் பக்கத்தில் வந்து உட்காருங்கள். ஆத்திரத்தோடு பேசியவனைப் பொறுத்துக் கேட்டீர்கள். நன்றி, வணக்கம்.