அரக்கு யாருக்கு?

காஞ்சிபுரத்தில் ஒரு சாயங்கால டவுன் பஸ். என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி மேப்புகளுக்குக் கம்ப்யூட்டரில் வண்ணம் போடுகிறவள். மற்றவள் பட்டுக்கடையில் புடவை எடுத்துக் காட்டுகிறவள். பேச்சிலேயே தெரிந்துவிட்டது.

"நம்ம ஊருக்குக் குடுக்கக் கலரே இல்லடி," என்றாள் மேப்புக்காரி.

"ஏன்?"

"ஒட்டிக்கினு இருக்கற ஊருங்களுக்கு ஒரே கலர் வரக்கூடாது. மொத்தமே நாலு கலர்தான். சுத்தி இருக்கற ஊருங்களே நாலையும் எடுத்துக்கிச்சு. காலையிலேர்ந்து காஞ்சிபுரம் மட்டும் வெள்ளையா நின்னுக்கினு இருக்குது."

"தாமலுக்கு என்ன குடுத்த?"

"மஞ்சள்."

"வாலாஜாபாத்துக்கு?"

"அரக்கு."

"அது மேற்கால, இது கிழக்கால. ரெண்டும் ஒட்டுதா?"

"இல்ல. நடுவுல நம்ம ஊரு."

"அப்ப ரெண்டுக்கும் மஞ்சளே குடு. கல்யாணத்துக்கு அக்கா தங்கச்சி ஒரே கலர் எடுத்துட்டாங்கன்னா நான் இதான் சொல்லுவேன். ஒருத்தி மேடையில நில்லு, ஒருத்தி பந்தியில நில்லு."

மேப்புக்காரி சிரித்தாள். அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, வந்த வழியே ஆபீசுக்கு நடந்தாள். நான் அதற்கு முந்தின ஸ்டாப்பிலேயே இறங்கியிருக்க வேண்டும்.

பஸ் கிளம்பியதும் பட்டுக்கடைப் பெண் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"அரக்கு நம்ம ஊருக்குடி. வேற எவளுக்கும் குடுத்துடாத."