எஸ் போட்ட டயர்

சசிகலா: ...நூத்தி எம்பதா? இந்த வண்டியா?

கண்ணப்பன்: வண்டி இல்ல சசி, டயரு. இத்தோ, ஓரத்துல ‘எஸ்’னு போட்டுருக்குதா... மணிக்கு நூத்தி எம்பது கிலோமீட்டர் வரைக்கும் தாங்கும்னு அர்த்தம்.

சசிகலா: நீ முப்பதுல ஓட்டிக்கினு வந்த. மாட்டு வண்டி நம்மள தாண்டிப் போச்சு.

கண்ணப்பன்: அது... ரோடு சரியில்ல.

சசிகலா: ரோடு நல்லாத்தான் கீது. சரி, காத்து போயிடுச்சு. ஸ்டெப்னி எங்க?

கண்ணப்பன்: மண்ணூர் பஞ்சர் கடையில.

சசிகலா: நேத்து டிக்கில பாத்தனே.

கண்ணப்பன்: நேத்து இருந்துச்சு.

சசிகலா: அம்மா பாவம். பொண்ணு கசங்காம வரணும்னு உன் டாக்சிய பேசி வுட்டுட்டு, மொத பஸ்லயே குன்றத்தூர் போயிடுச்சு. மாப்ள வூட்டாரோட கோயில்ல ஒக்காந்துகினு இருக்கும். மணி இன்னா?

கண்ணப்பன்: பன்னெண்டு ஆவப் போவுது. நடை சாத்திடுவாங்க.

சசிகலா: சந்தோஷமா சொல்றியே.

கண்ணப்பன்: சோகமாத்தான் சொன்னேன்.

சசிகலா: மாப்ள சாயங்கால ரயிலுக்கு பம்பாய் போறாராம். இன்னிக்கு பாக்கலன்னா வேற எடம் பாத்துக்குவாங்களாம்.

கண்ணப்பன்: ...அப்டியா.

சசிகலா: வேற இன்னா எழுத்து கீது டயர்ல?

கண்ணப்பன்: ‘டி’ நூத்தித் தொண்ணூறு. ‘எச்’ எரநூத்திப் பத்து.

சசிகலா: ஏபிசிடியில ‘எச்’ முன்னாடியே வந்துடுமே. ‘எஸ்’ஸ விட கம்மியாத்தானே இருக்கணும்?

கண்ணப்பன்: எல்லாரும் அப்டித்தான் ஏமாறுவாங்க. அது மட்டும் வரிசைய வுட்டுட்டு ‘யூ’வுக்கும் ‘வி’க்கும் நடுவுல போய் குந்திகினு கீது.

சசிகலா: டயர் வாங்குன கடையில ‘எச்’ இல்லியா?

கண்ணப்பன்: இருந்துச்சு. அதே வெலைக்கு எடுத்துக்கோடான்னு கடைக்கார முனிரத்தினம் அண்ணன் தலையில அடிச்சிக்கினாரு.

சசிகலா: அப்புறம் ஏன் இது?

கண்ணப்பன்: வெயிலு ஏறுது, நீ வண்டிக்குள்ள ஒக்காரு.

சசிகலா: கண்ணப்பா, உன்னத்தான் கேக்கறேன்.

கண்ணப்பன்: உன் பேரு ‘எஸ்’ல தானே ஆரம்பிக்குது. இன்னா, மூஞ்சிய திருப்பிக்கின? கோச்சுக்கினியா? வுடு... நான் சொல்லவே இல்லன்னு வெச்சுக்கோ. அத்தோ பஸ்ஸு வருது, கை காட்டி ஏறிப் போ. ரயிலுக்கு இன்னும் நேரம் கீது. நான் ஆணி எங்க குத்திச்சுன்னு பாக்கறேன். ஒரு வாரம் கூட ஆவல இந்த டயரு...

சசிகலா: பஸ்ஸு போவட்டும். ஆணிய தேடாத, கெடைக்காது. டீக்கடையில நீ டீ குடிச்சிகினு இருந்தப்ப, கொண்ட ஊசிய வெச்சு அமுக்கி நான்தான் காத்த எறக்குனேன். இந்தா, வால்வு மூடி.